பொறி நிறைய ஈ, பழம் நிறையப் புழு

கேள்வி: கொடைக்கானல் மலைப் பண்ணைக்காட்டில் காப்பிக்கு ஊடே கமலா ஆரஞ்சும் வேலியோரம் கொய்யாவும் இருக்கின்றன. சென்ற ஆண்டுப் பழ ஈப் பொறிப் புட்டிகளில் இருந்த மரக்கட்டைகளில், ஈயை இழுக்கும் வாசனை மருந்தான மெத்தில் யூஜினாலை மட்டும் மறுபடி ஊற்றிக் கட்டினேன். ஈக்கள் ஏராளமாக விழுகின்றன. பழமும் புழுத்து உதிர்கிறது. மருந்து போலியா?

பதில்: மருந்து நல்ல மருந்துதான் ஐயா. விழுந்த ஈக்களைக் கையில் கொட்டிப் பாருங்கள். பழத்தில் முட்டை செருகும் பெண் ஈக்கு வயிற்றின் நுனி ஊசிபோல் நீண்டிருக்கும். உங்கள் புட்டியில் அப்படி ஒன்று தேறுவதே அரிது. மெத்தில் யூஜினாலுக்கு மயங்குவது ஆண்தான். 1912-இல் பீகாரின் பூசாவில் ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் இந்தக் கூத்தைக் கவனித்தார்: கொசுவுக்குப் பயந்து கைக்குட்டையில் சிட்ரனெல்லா எண்ணெய் தடவிய அண்டை வீட்டுக்காரரை ஆண் பழ ஈக்கள் மொய்த்தனவாம். அந்த எண்ணெயிலும் மெத்தில் யூஜினால் உண்டு.

மெத்தில் யூஜினாலை ஆண் ஈ ஏன் நக்குகிறது என்பதில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. நக்கியதை உடலுக்குள் மாற்றி வாசனையாகச் சேர்த்துக்கொள்கிறது. பொழுது சாயும் நேரத்தில் இலையடியில் சிறகை விசிறி அதைப் பரப்பிப் பெண்ணை அழைக்கிறது. நக்கிய ஆணுக்குத்தான் துணை எளிதில் கிடைக்கிறது. நீங்கள் வாசனையைப் புதுப்பித்தீர்கள், கட்டையில் கூடவே ஏற்றியிருந்த பூச்சிக்கொல்லியைப் புதுப்பிக்கவில்லை. வழி தெரியாதவை புட்டிக்குள் சாகின்றன. மற்றவை நக்கிவிட்டு வெளியேறுகின்றன. பொறி என்று நினைத்து அத்தர் கடை வைத்திருக்கிறீர்கள்! நக்கிப் போன ஈ சில நாள்களுக்கு அந்த வாசனையை அவ்வளவாகத் தேடி வருவதும் இல்லை. துளசியிலும் மெத்தில் யூஜினால் உண்டு என்பதால், நஞ்சில்லாத துளசிச் சாற்றை வைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பெண்ணோ விந்தை உள்ளே சேமித்துவைத்து, நாள்கணக்கில் முட்டையிடும். பழ ஈக்கள் பலவற்றில் ஆணின் விந்துநீரே, அடுத்த ஆணை நாடும் ஆசையைப் பெண்ணிடம் குறைத்துவிடுகிறது. அது ஆணுக்கு லாபம். ஆகவே நூற்றில் தொண்ணூறு ஆண்களைக் கொன்றாலும் மிச்சம் பத்து போதும். பசிபிக்கில் உள்ள ரோட்டா தீவில் 1960-களில் இதே முறையால் பழ ஈயை ஒழித்தார்கள் என்றால், தீவு முழுவதும் கட்டை போட்டதால்தான். உங்கள் ஒரு தோட்டம் தீவல்ல. பக்கத்துத் தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கட்டைகளைத் தூக்கிப் போடுங்கள். நஞ்சு ஏற்றிய புதுக் கட்டைகளை, பழம் முற்றுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே, ஏக்கருக்கு 6 முதல் 8 வீதம் கட்டுங்கள். பெண் ஈக்கு வேறு தீனி வேண்டும். முட்டை வளரப் புரதம் தேவை என்பதால், புரதக் கரைசலில் நஞ்சு கலந்து இலைகளில் அங்கங்கே திட்டாகத் தெளிப்பார்கள். எந்த மருந்து, எந்த அளவு என்பதைத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

உதிர்ந்த பழங்களைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெளியே வரும். மீதியைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும். வேலியோரக் கொய்யாவை விட்டுவிடாதீர்கள். ஆரஞ்சுக்கு வரும் ஈ அங்கேதான் பெருகுகிறது என்பது என் சந்தேகம்.