கடலுக்குப் போகிறவருக்கு நீல மிலிட்டரி டிசைன் எதற்கு?

கேள்வி (பாம்பனிலிருந்து ஒரு வாசகி): என் தம்பி நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறான். ஆன்லைனில் 'ஒரிஜினல் நேவி' என்று போட்டு, நீலமும் சாம்பலுமாகச் சின்னச் சின்னக் கட்டம் விழுந்த மிலிட்டரி டிசைன் ஜாக்கெட் ஒன்று 1,850 ரூபாய்க்கு வருகிறது. வாடைக்காலத்துக்கு அதை வாங்கித் தரச் சொல்லி ஒரு வாரமாகக் கேட்கிறான். துணி கனமாக இருக்கும், கடல் வேலைக்குத் தாங்கும் என்கிறான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்மா. துணி எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி, யார் தைத்ததாக இருந்தாலும் சரி, கடலில் போட அந்த நிறம் கூடாது.

அமெரிக்கக் கடற்படை இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2000-களின் கடைசியில் அவர்கள் மாலுமிகளுக்குக் கொடுத்த உடை கிட்டத்தட்ட உங்கள் தம்பி காட்டுகிற அதே டிசைன்தான், நீலம், சாம்பல், கறுப்பு என்று கட்டம் கட்டமாக. கப்பலில் வேலை செய்கிறவர் யார் கண்ணில் படாமல் ஒளிய வேண்டும் என்று கேட்டதற்கு, பெயின்ட் கறையும் கிரீஸ் கறையும் தெரியாது என்று ஒரு காரணம் சொன்னார்கள். ஆனால் ஒருவர் தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டால், தேடி வருகிறவர் கண்ணுக்குத் தண்ணீரும் அவரும் ஒன்றாகத்தான் தெரியும், இதை அந்த மாலுமிகளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 2012-இல் துணியைச் சோதித்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. பாதி நைலான், பாதி பருத்தி கலந்த அந்தத் துணி நெருப்புப் பட்டால் நன்றாகப் பற்றி எரிகிறது, நைலான் உருகிப் பிசுபிசுவென்று ஒட்டவும் செய்கிறது. கடைசியில் 2019 அக்டோபரோடு அந்த உடையை முழுதாகக் கைவிட்டு, பச்சை டிசைனுக்கு மாறிவிட்டார்கள்.

அவர்களுடையது ஆயிரக்கணக்கானோர் இருக்கிற பெரிய கப்பல். உங்கள் தம்பி போவது இரண்டு மூன்று பேர் இருக்கிற படகு, காலடியிலேயே டீசல் என்ஜின். வாடைக்காற்று எழுப்புகிற அலையில் ஒரு ஆள் விழுந்தால் தண்ணீருக்கு மேலே தெரிவது தலை மட்டும்தான், ஒரு தேங்காய் அளவு. கடலோரக் காவல்படை டோர்னியர் விமானத்தில் வந்து பார்த்தாலும் சரி, பக்கத்துப் படகுக்காரர் எழுந்து நின்று பார்த்தாலும் சரி, கண்ணில் குத்துகிற மாதிரி ஒரு நிறம் அங்கே இருக்க வேண்டும். ஆரஞ்சு, இல்லையென்றால் பளிச்சென்ற மஞ்சள். லைஃப் ஜாக்கெட்டை ஏன் ஆரஞ்சில் செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கடலில் ஆரஞ்சாக வேறு எதுவும் இல்லை, அதனால்தான். அந்த 1,850 ரூபாயில் நல்ல ஆரஞ்சு மழைக்கோட்டு ஒன்று வாங்குங்கள், லைஃப் ஜாக்கெட் பழசாகி உள்ளே நுரை உதிர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, அதையும் தம்பி போனில் ஏற்றி வையுங்கள். டிசைன்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் கரையில் போட ஒரு டி-ஷர்ட் வாங்கிக் கொடுங்கள், படகில் ஏறும்போது மட்டும் அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி (சாயல்குடியிலிருந்து ஒரு வாசகர்): ஆர்மி ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறான் என் மகன். டவுனில் ஒரு கடையில் 'புது ஆர்மி டிசைன், ஒரிஜினல் துணி' என்று சொல்லி 1,200 ரூபாய்க்கு ஒரு பேன்ட் கொடுத்தார்கள். முதல் அலசலிலேயே சாயம் போய், கூடப் போட்ட வேட்டியெல்லாம் பச்சையாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள். அதோடு, இதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடினால் போலீஸ் பிடிக்குமா என்ற பயமும் இருக்கிறது.

பதில்: முதலில் 'ஒரிஜினல்' என்ற சொல்லைப் பார்ப்போம். இந்திய ராணுவத்தின் புது டிஜிட்டல் டிசைன் உடை 2022 ஜனவரி 15, ராணுவ தின அணிவகுப்பில்தான் வெளியே வந்தது. தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. வெளி மார்க்கெட்டில் கண்டவர் அச்சடித்து விற்கக்கூடாது என்றுதான் ராணுவம் அந்த டிசைனையே தன் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கிறது, வீரர்களுக்கும் ராணுவ கேன்டீன் வழியாகத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே டவுன் கடையில் கிடைப்பது ஒரிஜினலாக இருக்க வழியே இல்லை, அதைப் பார்த்து யாரோ அச்சடித்தது. அப்படிச் சொல்லி விற்றதே தப்பு.

போலீஸ் விஷயம். பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி, ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு வீரர் அல்லாதவர் அந்த உடையை அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணம்தான் இங்கே முக்கியம். காட்டுப்பச்சையில் ஒரு கார்கோ பேன்ட் போட்டு ஓடுகிற பையன் இதில் வரமாட்டான். ஆனால் 2016-இல் பதான்கோட் விமானத்தளத் தாக்குதலுக்குப் பிறகு, ராணுவ உடை மாதிரி துணிகளை மக்கள் அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருக்கிற மாவட்டம் நம்முடையது. மேலே சட்டை, கீழே பேன்ட், தலையில் தொப்பி, தோளில் பட்டை என்று முழு செட்டாகப் போட்டுக்கொண்டு நிற்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், ஆர்மிக்குப் போக ஆசைப்படுகிற பையன் பெயரில் ஒரு விசாரணைகூட வரக்கூடாது.

பணம் திரும்பக் கிடைக்கும், விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. பில்லில் அச்சடித்த அந்த வரியைக் காட்டி உங்கள் உரிமையைப் பறித்துவிட முடியாது. சாயம் போன பேன்ட், பச்சையான வேட்டி இரண்டையும் போட்டோ எடுத்து, பில்லோடு கடைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள், அதற்கும் மேலே ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணமே கிடையாது.

அடுத்த முறை வாங்கும்போது வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணியின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், போகிற சாயம் அங்கேயே தெரிந்துவிடும். தையல் உள்பக்கம் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது. பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணி மாதிரி இறுகிவிடும். நம் ஊர் வெயிலில் பாலியஸ்டர் பேன்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவது உடம்புக்குத் தண்டனை. 'ரிப்ஸ்டாப்' என்று சொன்னால் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தடித்த நூல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கட்டியிருக்க வேண்டும், அந்தக் கட்டம்தான் கிழிசலை மேலே ஓடாமல் நிறுத்துவது. கட்டத்தை வெறுமனே அச்சடித்து ஏமாற்றியதை நானே ஒரு முறை வாங்கி, முள்ளில் மாட்டி ஒரு சாண் கிழிந்தபிறகுதான் கண்டுபிடித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிசைன் மண்ணுக்குத் தக்கதாக இருக்க வேண்டும். எல்லா நிலத்துக்கும் ஒரே டிசைன் போதும் என்று அமெரிக்க ராணுவம் 2004-இல் சாம்பல் பச்சையில் ஒன்றைக் கொண்டுவந்து, அது ஆப்கானிஸ்தான் மண்ணில் எடுபடாமல், 2015-இலிருந்து வேறொன்றுக்கு மாறியது. உங்கள் மகன் ஓடுவது சாயல்குடி ரோட்டோரம், இருபுறமும் சீமைக்கருவேலம், விடியாத நேரத்தில் லாரி வருகிற வழி. அங்கே அவன் ஒளியக்கூடாது, பளிச்சென்று தெரிய வேண்டும். மஞ்சள் டி-ஷர்ட் வாங்கிக் கொடுங்கள். உண்மையான உடை அவனுக்கு ராணுவமே கொடுக்கட்டும். கொடுத்தபிறகு அதை வீட்டில் துவைத்தால் கஞ்சியும் சொட்டு நீலமும் வெளுப்பு சேர்த்த பவுடரும் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். இரவில் பார்க்கிற கருவிகளுக்கும் தெரியாதபடி நவீனப் போர் உடைத் துணியைப் பக்குவம் செய்கிறார்கள், வெளுப்புப் பவுடரும் கஞ்சியும் அதைக் கெடுத்துவிடும்.

கேள்வி (தொண்டியிலிருந்து, பயணிகள் கப்பலில் வேலை கிடைத்தவர்): முதல் பயணமே கரீபியன் பக்கம். பையில் இரண்டு மிலிட்டரி டிசைன் அரைக்கால் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். பிரச்சினை வருமா?

பதில்: வரும் தம்பி, எடுத்து வெளியே வையுங்கள். பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் டொபாகோ ஆகிய நாடுகளில் ராணுவத்தினர் அல்லாத யாரும் அந்த டிசைனை அணிவது சட்டப்படி குற்றம், பார்படோஸில் குழந்தைகளுக்கும்கூட விலக்கு இல்லை. நிறம் பச்சையா நீலமா என்று அங்கே வாதாடிக்கொண்டிருக்க முடியாது. தொப்பி, தோள்பை, செருப்புப் பட்டையில் அந்த டிசைன் இருந்தாலும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.