இதயநோய் – வளர்சிதை மாற்றத் துறையில் போஸ்ட்டாக்: பெரிய லேபா, பயிற்சித் திட்டம் உள்ள இடமா?

கேள்வி: உயிர்வேதியியலில் பிஎச்டி முடிக்கப் போகிறேன். போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்டிக்குப் பிறகு செய்யும் ஆராய்ச்சிப் பயிற்சிப் பணிக்கு, அமெரிக்காவில் இரண்டு இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று பெயர் பெற்ற பெரிய லேப். இன்னொன்று சின்ன லேப், ஆனால் அந்தத் துறையில் டி32 பயிற்சித் திட்டம் இருக்கிறது. எதற்குப் போகலாம்?

நான் போனது இரண்டாவது வகை இடத்துக்கு. ஐந்து வருடம் இருந்தேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டி32 என்பது அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச், பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் பயிற்சி நிதி. அந்தப் பணத்தில் சம்பளம் வாங்க அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். தனி நபருக்கான எஃப்32 உதவித்தொகைக்கும் அதே விதிதான். ஜே1 என்ற பரிமாற்ற விசாவில் போகும் நமக்குப் பெரும்பாலும் பிஐயின் (லேபின் தலைவர்) ஆர்01 என்ற ஆராய்ச்சி கிராண்டிலிருந்துதான் சம்பளம் வரும். என்ஐஎச் அளவுகோலில் முதல் வருட போஸ்ட்டாக்குக்கு 2024-ல் ஆண்டுக்கு 61,008 டாலர். பல இடங்களில் நமக்கும் அதையொட்டியே தருகிறார்கள். “நமக்கில்லாத திட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன” என்று நம்மவர்கள் பலர் விட்டுவிடுவது இதனால்தான். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணம்தான் நமக்கில்லை. பயிற்சியின் கதவு திறந்தே இருக்கிறது.

எனக்கு அது எப்படி உதவியது என்று சொல்கிறேன். என் வேலை, சர்க்கரை நோய் உள்ள சுண்டெலியின் இதயம் எதை எரித்து ஓடுகிறது என்று பார்ப்பது. நல்ல நிலையில் உள்ள இதயம் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலத்திலிருந்து எடுக்கும். சர்க்கரை நோயில் இந்தச் சாய்வு இன்னும் கூடும். ஒரே அளவு வேலைக்கு அதிக ஆக்சிஜன் செலவாகும்.

சுண்டெலியின் இதயம் கொண்டைக்கடலை அளவுதான். அதை வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் நுண்ணோக்கியின் கீழ் பெருநாடியில் மெல்லிய குழாயைச் செருகிப் பட்டு நூலால் கட்ட வேண்டும். 37 டிகிரி சூட்டில் கரைசல் உள்ளே பாய்ந்ததும், அதுவரை அசையாமல் தொங்கிய இதயம் துடிக்கத் தொடங்கும். லாங்கெண்டார்ஃப் 1895-ல் காட்டிய வழி இது. கை பழகவே எனக்கு நான்கு மாதம் ஆனது. முதல்முறை அது துடித்த அன்று சாப்பிடப் போகக்கூட மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் ஆறு மாதம் தரவு சேர்த்தேன். வரைபடம் அழகாக வந்தது. அந்தத் துறையின் டி32 கூட்டம் வியாழக்கிழமைதோறும் நடக்கும். நான் அந்தத் திட்டத்தில் இல்லை. வந்து உட்காரலாமா என்று திட்ட இயக்குநருக்கு மின்னஞ்சலில் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். என் வரைபடத்தை அங்கே காட்டியபோது, பின்வரிசையில் இருந்த இதய மருத்துவர் ஒருவர் கேட்டார்: “இவை கடைசியாக எப்போது சாப்பிட்டன?”

என்னிடம் பதில் இல்லை. சாதாரண எலிகளைக் காலையிலும் சர்க்கரை நோய் எலிகளைப் பிற்பகலிலும் எடுத்துக்கொண்டிருந்தேன். எலி இரவில் சாப்பிடும் பிராணி. காலையில் வயிறு நிறைந்திருக்கும். பிற்பகலில் பல மணி நேரப் பட்டினி. பட்டினியில் பிடிகே4 என்ற நொதி கூடி, இதயம் குளுக்கோஸ் எரிக்கும் வழியை அடைத்துவிடும். நான் சர்க்கரை நோய் என்று நினைத்ததில் எவ்வளவு வெறும் பசி என்று பிரிக்கவே முடியவில்லை. எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் முன்பு காட்டியதில் பாதிதான். நம் ஊரில் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் “வெறும் வயிறா, சாப்பிட்டாச்சா?” என்று முதலில் கேட்பார்கள். உயிர்வேதியியல் படித்த எனக்கு அது தோன்றவில்லை. தினமும் நோயாளியைப் பார்ப்பவருக்குத் தோன்றியது.

அவரையே இரண்டாவது வழிகாட்டியாக வைத்துக்கொண்டேன். அடிப்படை அறிவியலுக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர் என்பது இத்தகைய திட்டங்களில் பல இடங்களில் உள்ள ஏற்பாடு. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அமெரிக்க இதயச் சங்கத்தின் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு எழுதியதும் அவரோடு உட்கார்ந்துதான். அதற்கு விசாவில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த லேபுக்குப் போக உதவும் என்ஐஎச்சின் கே99/ஆர்00 நிதிக்கும் குடியுரிமை தேவையில்லை, ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிய வந்தபோது மூன்றாவது வருடம் பாதி போயிருந்தது.

பெரிய லேபை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது பேர் இருக்கும் இடத்தில் உங்கள் எலி எப்போது சாப்பிட்டது என்று யார் கேட்பார்கள் என்பதை விசாரியுங்கள். இரண்டு இடத்திலும் இப்போது இருக்கும் போஸ்ட்டாக்குகளிடம், பிஐ இல்லாத நேரத்தில் பேசுங்கள். சின்ன லேபுக்குச் சரி சொல்லும் முன் டி32 இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “விசாவில் வருகிறேன், வாராந்தரக் கூட்டத்திலும் கிராண்ட் எழுதும் வகுப்பிலும் கலந்துகொள்ளலாமா?” ஆம் என்று பதில் வந்தால், உங்கள் இடத்தில் நான் அங்கேதான் போவேன்.