இமேக்ஸை மேக்ஸிமைஸ் செய்தாலும் திரை நிரம்பவில்லையே?

கேள்வி: குபுன்டு லினக்ஸில் (கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப், எக்ஸ்11) இமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரைப் பயன்படுத்துகிறேன். மேக்ஸிமைஸ் பட்டனை அழுத்தினால் கீழேயும் வலப்பக்கமும் மெல்லிய இடைவெளி விழுந்து, வால்பேப்பர் எட்டிப் பார்க்கிறது. ஃபயர்பாக்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இமேக்ஸ் விண்டோ சின்னதாகவேதான் வருகிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். நிறுவியதில் எந்தப் பழுதும் இல்லை.

திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் (எக்ஸ்11) முறையில், ஒரு நிரல் தன் விண்டோவைப் பற்றி, விண்டோக்களின் அளவையும் இடத்தையும் கவனிக்கும் விண்டோ மேனேஜரிடம் சில நிபந்தனைகள் சொல்லலாம். "என்னை ஒரு எழுத்தின் அகலம், ஒரு வரியின் உயரம் என்ற கணக்கில் மட்டும் வளர்க்கவும்" என்பது அதில் ஒன்று. டெர்மினல்களுக்கு இது பொருத்தம். பாதி வரி தெரிந்து யாருக்கு லாபம்? இமேக்ஸும் இயல்பாக அதையே கேட்கிறது. எழுதும் பகுதிக்கு 940 பிக்சல் உயரம் கிடைக்கிறது, ஒரு வரி 19 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 49 வரிக்கு 931 போக, மிச்சம் 9 பிக்சல். முழு டைல்ஸை மட்டும் பதித்துவிட்டு, வெட்டிப் போட வேண்டிய ஓரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போன கொத்தனார் வேலைதான் இது. க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் விண்டோ மேனேஜர், மேக்ஸிமைஸ் செய்த விண்டோவுக்கு இந்த நிபந்தனையைக் கண்டுகொள்வதில்லை. பிளாஸ்மாவின் விண்டோ மேனேஜரான கேவின் மரியாதையாகக் கேட்டு நடக்கிறது.

தீர்வு இமேக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆப்ஷன்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் இமேக்ஸ், அதில் ஸ்பெசிஃபிக் ஆப்ஷன். கேட்கும் இடத்தில் 'ஃப்ரேம்-ரீசைஸ்-பிக்சல்வைஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பக்கத்தில் டாகிள் பட்டனை அழுத்தி 'ஆன்' ஆக்கி, மேலே உள்ள 'அப்ளை அண்டு சேவ்' கொடுங்கள். பிறகு இமேக்ஸை மூடித் திறங்கள். 2014இல் வந்த 24.4 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு.

இமேக்ஸில் கை வைக்க விருப்பமில்லை என்றால் கேவினிடமே சொல்லலாம். டைட்டில் பாரில் வலது க்ளிக் செய்து, 'மோர் ஆக்ஷன்ஸ்' வழியாக அந்த விண்டோவுக்கான சிறப்பு அமைப்புகளுக்குப் போய், 'ஒபே ஜியோமெட்ரி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்பதைச் சேர்த்து, 'ஃபோர்ஸ்', 'நோ' என்று வையுங்கள். ஜிவிம் போன்ற வேறு எடிட்டர்களில் இதே தொல்லை இருந்தாலும் இது கைகொடுக்கும். ஆனால் வேறு டெஸ்க்டாப்புக்கு மாறினால் கூடவே வராது. அதனால் நான் முதல் வழியைத்தான் சிபாரிசு செய்வேன்.

சின்னதாகத் திறப்பது தனிக் கதை. இமேக்ஸ் இயல்பாக 80 எழுத்து அகலத்தில்தான் திறக்கும். ஆல்ட்-எஃப்10 அழுத்தினால் மேக்ஸிமைஸ் ஆகும். எஃப்11 முழுத்திரை, டைட்டில் பார்கூட இருக்காது. எப்போதும் பெரிதாகவே திறக்க, பிளாஸ்மா மெனுவில் இமேக்ஸ் ஐகானை வலது க்ளிக் செய்து, எடிட் அப்ளிகேஷனில் ஆர்க்யுமென்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு ஹைஃபனும் ஒட்டினாற்போல் இரண்டு சின்ன 'எம்' எழுத்தும் சேருங்கள். ஏற்கெனவே பின்னணியில் ஓடும் இமேக்ஸுடன் இணையும் இமேக்ஸ்க்ளையன்ட் வழியாகத் திறப்பவர்களுக்கு இது செல்லாது. அவர்கள், இமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் தங்கள் இனிட் கோப்பில் (அமைப்புக் கோப்பு) 'டிஃபால்ட்-ஃப்ரேம்-அலிஸ்ட்' பட்டியலில் ஃபுல்ஸ்க்ரீன் என்பதற்கு மேக்ஸிமைஸ்டு என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். அதே கோப்பில், எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய அகல, உயர எண்கள் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஹைஃபனும் பெரிய 'க்யூ'வும் சேர்த்து இமேக்ஸை ஓட்டுங்கள். இனிட் கோப்பைத் தொடாமல் திறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் இடைவெளி இருந்தால் அளந்து பாருங்கள். எழுத்துக் கணக்கால் விழும் இடைவெளி ஒரு வரி உயரத்தைத் தாண்டாது. அதைவிடப் பெரிது என்றால் பேனல் பிடித்து வைத்திருக்கும் இடமாக இருக்கலாம். பேனல் அமைப்பைத் திறந்து பாருங்கள்.