வாசகர் கேள்வி – பதில்: பள்ளிக்கூடத்துக்குள் சாதி

கேள்வி: எங்கள் பள்ளியில் மாணவர்கள் மஞ்சள், சிவப்பு, பச்சை என நிறம் நிறமாகக் கையில் கயிறு கட்டி வருகிறார்கள். கழற்றச் சொன்னால், ‘இது கோயில் கயிறு, எங்கள் பண்பாடு, இதில் பள்ளிக்கூடம் ஏன் தலையிட வேண்டும்?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: கோயிலில் கட்டிய கயிறு என்றால், அது யார் கையிலும் எந்த நிறத்திலும் இருக்கலாம். ஒரு தெருப் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் ஒரு நிறமும், அடுத்த தெருப் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் வேறொரு நிறமும் இருந்தால், அது தன் சாதி எது என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவன் பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட கயிறு. மதிய உணவுக்கு யார் யாரோடு வட்டமாக உட்காருகிறார்கள், கபடி அணிக்கு ஆள் பிரிக்கும்போது யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பெற்றோரிடம் பேச வேண்டியது அந்தக் காட்சியைப் பற்றித்தான். பக்தியைப் பற்றி விவாதிக்கத் தேவையில்லை.

இது புதிய சிக்கலும் அல்ல. 2019-இல் பள்ளிக் கல்வித் துறையே இக்கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அரசியல் எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று துறை அமைச்சரே அறிவித்துவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும், அவனைக் காப்பாற்ற ஓடிவந்த தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகுதான், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அக்குழு அளித்த அறிக்கை நிறக்கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடைசெய்யச் சொன்னதோடு நிற்கவில்லை. மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், ஒரு வட்டாரத்தில் மிகுதியாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அதே வட்டாரத்தில் தலைமை ஆசிரியராகவோ கல்வி அலுவலராகவோ அமர்த்தக் கூடாது என்றும் அது பரிந்துரைத்தது. கயிறு மாணவன் கையில் இருந்தாலும், அதற்குத் துணிச்சல் தருவது ஆசிரியர் அறையின் மௌனம் என்பதை அக்குழு உணர்ந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் பள்ளியில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பிரிவினரின் கயிற்றை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். விதி அனைவருக்கும் ஒரே நாளில், ஒரே குரலில் வரட்டும். நாளை ஒரு மாணவன் தன்னைச் சாதி சொல்லித் திட்டுகிறார்கள் என்று உங்களிடம் வந்தால், புகார் கொடுத்தது அவன்தான் என்பது மற்றவர்களுக்குத் தெரியாதபடி விசாரியுங்கள்.

கேள்வி: 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியைப் போன்றதுதான் என்றும், அரசியலுக்காகவே அதைக் ‘குலக்கல்வி’ என்று தூற்றினார்கள் என்றும் என் தந்தையார் சொல்கிறார். உண்மை என்ன?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: உங்கள் தந்தையார் சொல்வதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளலாம். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில், நாளுக்கு மூன்று மணி நேரமாக இரண்டு வேளைகள் வகுப்பு நடத்தினால் அதே கட்டடத்தில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற கணக்கு அரசிடம் இருந்தது. ஆனால் ஆதாரக் கல்வியோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது. 1937-இல் வார்தாவில் முன்வைக்கப்பட்ட ஆதாரக் கல்வியில் நூற்பும் நெசவும் பள்ளிக்குள் வந்தன. அந்தணர் பிள்ளையும் நெசவாளர் பிள்ளையும் ஒரே இராட்டையின் முன் உட்கார வேண்டும் என்பது அதன் கருத்து. 1953 திட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மூன்று மணி நேரம் முடிந்ததும் பிள்ளை பள்ளியை விட்டு வெளியேறித் தந்தை செய்யும் தொழிலுக்குப் போக வேண்டும். தச்சர் மகன் உளியைப் பிடிப்பான், சலவைத் தொழிலாளியின் மகன் துணி வெளுக்கும் துறைக்குப் போவான், பண்ணையாளின் மகனுக்கு மாடுதான் பாடம். எழுத்துத் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கோ, வீடு திரும்பினாலும் எழுத்துதான் காத்திருக்கும். அரை நாள் விடுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகத் தோன்றலாம். அந்த அரை நாளில் யார் எதை இழந்தார்கள் என்று பார்த்தால் சமமின்மை தெரியும். அதிலும் திட்டம் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. நகரத்துப் பிள்ளைகளின் பள்ளி நேரம் மாறவில்லை.

பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் தெருவில் எதிர்த்தார்கள் என்பது பலருக்கும் தெரியும். ஆளும் காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுவாக இருந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் அவர் ஆட்சியில் பள்ளிகளுக்கு மதிய உணவு வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில், மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராய செட்டியார் காலத்தில், 1920-இலேயே தொடங்கிப் பார்த்த ஏற்பாடுதான் அது. நாளின் பாதியில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய திட்டத்துக்கும், சோறு போட்டுப் பள்ளியிலேயே இருக்கவைத்த திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தந்தையாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது சாதியைக் குறிப்பிடாமல் விடலாமா? சாதியைக் கேட்டுக்கொண்டே சாதியை ஒழிப்பது எப்படி?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: விடலாம். தமிழ்நாட்டில் 1973 முதலே அதற்கு அரசாணை இருக்கிறது. ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லாமல் பின்னாளில் இட ஒதுக்கீடு கோர முடியாது என்பதை அறிந்து முடிவெடுங்கள். சாதியால் எதையும் இழக்காத குடும்பத்துக்கு படிவத்தில் சாதிக்கான கட்டத்தை வெறுமையாக விடுவது எளிது. இழந்த குடும்பத்துக்கு அதுவே கல்லூரி வாசலைத் திறக்கும் சாவி. அன்றைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை, ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, இசுலாமியருக்கு 1, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவருக்கு 1 எனப் பங்கிட்டது. 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது, பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தந்த அரசமைப்பின் முதல் திருத்தமே அதற்கு விடையாக வந்தது.

பதிவேட்டில் சாதி இருப்பது வேறு, வகுப்பில் அது ஒலிப்பது வேறு. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் எதுவும் இருக்கக் கூடாது என்றும், உதவித்தொகை பெறும் பிள்ளைகளை வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பாமல் தலைமை ஆசிரியர் தம் அறைக்குத் தனியே அழைத்துப் பேச வேண்டும் என்றும் சந்துரு குழு கேட்டுக்கொண்டது. உங்கள் மகளின் பள்ளியில் அவ்வாறு நடக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.