மதுரை விமான நிலையம் அருகே மின்கம்பியில் தொங்கும் ஆரஞ்சுப் பந்துகள் எதற்கு?

அவனியாபுரம் பக்கம் போகும்போது மின்கம்பியில் பெரிய பந்துகளைப் பார்த்ததாகவும், அவை கம்பி காற்றில் ஆடாமல் இருக்கத்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தாழப் பறக்கும் விமானிகளின் கண்ணுக்குக் கம்பியைக் காட்டுவதே அவற்றின் வேலை.

மின்கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும், கம்பி தெரியாது. வெயிலிலும் மழையிலும் சாம்பல் பூத்த அலுமினியம், பின்னால் நாகமலைப் பாறையோ வெளுத்த வானமோ இருந்தால் அதிலேயே கரைந்துபோகும். இருப்பதிலேயே ஆபத்தானது உச்சியில் ஓடும் மெல்லிய கம்பிதான். மின்னலைத் தாங்குவதற்கான அதில் மின்சாரம் ஓடுவதில்லை. மற்றக் கம்பிகளைவிட ஒல்லி. விமானி கீழே உள்ள தடித்த கம்பிகளைக் கண்டு மேலேறும்போது இதில் மாட்டிக்கொள்வார். அதனால்தான் பெரும்பாலும் பந்துகளை இதில் மாட்டுகிறார்கள்.

கீழிருந்து பார்த்தால் கிரிக்கெட் பந்துபோலத் தெரியும். உண்மையில் குறுக்களவு 60 செ.மீ.க்குக் குறையக்கூடாது என்பது பன்னாட்டு விதி. அந்த அளவுப் பந்துகளுக்கு இடைவெளி 30 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஆரஞ்சு அல்லது சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என மாறிமாறி வரும். உள்ளே காலிதான், பெரும்பாலும் கண்ணாடியிழையில் செய்த இரண்டு அரைக்கோளங்களைக் கம்பியைச் சுற்றிக் கவ்வி முடுக்கியிருப்பார்கள். மழைநீர் தேங்காமல் வடிய அடியில் சிறு துளை உண்டு.

ஓடுபாதை அருகில் மட்டும் இருந்தால் போதாது என்பது என் உறுதியான கருத்து. 2018-இல் குரங்கணிக் காட்டுத்தீ மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அப்படிப்பட்ட மலைப்பள்ளத்தாக்குகளில்தான் கம்பி சற்றும் எதிர்பாராத உயரத்தில் குறுக்கிடும். ஆகவே ஹெலிகாப்டர் விமானிகளுக்கு, கம்பியைத் தேடாமல் கோபுரத்தைத் தேடி, அதன் உச்சிக்கு மேலாகவே கடக்கக் கற்றுத்தருகிறார்கள்.