பையன் வாயே திறப்பதில்லை

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லை" என்கிறான். அவன் தூங்கியதும் செல்போனை எடுத்துப் பார்க்கிறேன். தப்பா?

பதில்: தப்பு என்பதைவிட, பலன் குறைவு அம்மா. ஸ்டாட்டின், கெர் என்ற இரு உளவியலாளர்கள் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி, பிள்ளை தானாக வந்து சொன்னதுதான். துருவித் துருவிக் கேட்டோ, கட்டுக்காவல் போட்டோ தெரிந்துகொண்டது கொஞ்சம்.

சரி, தானாக எப்போது சொல்வான்? போன தடவை சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. "கணக்கில் மார்க் குறைஞ்சிடுச்சு" என்று ஆரம்பித்ததுமே, "நான் அப்பவே சொன்னேனே!" என்று பாய்ந்திருந்தால், அடுத்த விஷயம் உங்கள் காதுக்கு வராது. (அப்பாக்கள் இதில் இன்னும் வேகம்.)

எதிரே உட்கார வைத்துக் கேட்காதீர்கள், அது விசாரணை. துணி மடிக்கும்போது கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். கை வேலையாக இருந்தால் பேச்சு சுலபமாக வரும். அப்புறம், இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது போன்ற விதிகளைத் தளர்த்த வேண்டாம். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவன் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.