காட்டுக்குள் கனிமம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஏற்காடு போனபோது கிடைத்த கறுப்புக் கல்லின் படம் அனுப்பியிருக்கிறேன். இரும்புத் தாதுவா? (தாம்பரம்)

எந்த இடம், பாறையிலிருந்து உடைத்ததா, ஓடையில் கிடந்ததா என்று ஒன்றுமே எழுதவில்லையே. இடம் குறிக்காத மாதிரி வெறும் கல்தான். நூலில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். இழுத்தால் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருக்கலாம். காப்புக்காட்டில் எடுத்திருந்தால் அது சட்டப்படி குற்றம், இனி செய்யாதீர்கள்.

கே: மாணவன் நான். பல்லாவரத்தில் சார்னோகைட் பாறையில் ஒரு துண்டு உடைக்கலாமா?

கூடாது. அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

கே: சேலம் கஞ்சமலையில் கோடிக்கணக்கான டன் இரும்பு இருப்பாம். விலையால் பெருக்கினால் மாநிலக் கடனே அடைந்துவிடுமே? (நங்கநல்லூர்)

இந்தப் பெருக்கல் கணக்கோடு மாதம் நாலு கடிதமாவது வருகிறது. வளம் வேறு, இருப்பு வேறு. அறிக்கையில் 333 என்ற குறியீடு போட்டிருந்தால் அது ஊகித்த வளம். வெட்டினால் கட்டுப்படியாகும், அனுமதியும் கிடைக்கும் என்று தேறிய பிறகுதான் அது இருப்பு, 111, 122 குறியீடெல்லாம் அதற்குத்தான். கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட் கலந்த குவார்ட்சைட் பாறை, இரும்பு சுமார் 35 சதவீதம். ஒரு டன் செறிவூட்டிய தாதுவுக்கு இரண்டரை டன் பாறையை அரைக்க வேண்டும். மிச்சம் ஒன்றரை டன் தூளை எங்கே கொட்டுவீர்கள்? அடிவாரத்து ஓடையிலா? உங்கள் கணக்கில் அந்தச் செலவும் இல்லை, காடும் இல்லை.

அப்புறம், டன் கணக்கையே நான் சட்டென்று நம்புவதில்லை. ஒருமுறை வேறொரு மலையில் கோர் (துளையிட்டு எடுத்த பாறைத் தண்டு) பெட்டியைத் திறந்து டேப் வைத்து அளந்தேன். ஒரு மீட்டர் துளைக்கு 60 சென்டிமீட்டர் கோர்தான் இருந்தது, அதுவும் பாதி நொறுங்கிப் போய். அறிக்கையிலோ முழு மீட்டரும் தாது! அதனால், கோர் மீட்பு விகிதம் (துளைத்த நீளத்தில் எவ்வளவு கோர் கிடைத்தது) பார்க்காமல் எந்த எண்ணையும் தொடாதீர்கள்.

கே: மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தானதே, அப்படியானால் அங்கே டங்ஸ்டனே இல்லையா?

2024 நவம்பரில் ஏல முடிவை அறிவித்தார்கள், 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். ஏலம் ரத்தானால் பாறை மாறிவிடாது. 2022-லேயே பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த இடம் அது. ஏலத்துக்கு முன்பே வரைபடத்தில் அதைக் குறித்து ஒதுக்கியிருக்க வேண்டும்.

கே: காட்டில் ஆய்வு செய்தாலே சுரங்கம் வந்துவிடுமா? (வேளச்சேரி)

வராது. ஆய்வு அனுமதி வேறு, 1980 வனச் சட்டப்படி சுரங்கத்துக்கான அனுமதி வேறு. வரைபடம் போடுவதற்கும் ஓடை மண் எடுப்பதற்கும் மரத்தைத் தொட வேண்டியதில்லை. துளை இயந்திரம் ஏறப் பாதை வெட்டும்போதுதான் காடு அடிபடுகிறது. துளையை மூடினார்களா என்று போய்ப் பாருங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு எழுதுங்கள்.